முழங்கை சொன்ன குருவி

"என்ன சர்வேயர் சார், எந்தக் குருவி?" என்று பல் டாக்டரம்மா கேட்டதும் சர்வேயர் பைனாகுலரை இன்னொரு தடவை துடைத்தார். காட்டோரம் பறவை பார்க்க வந்த குழு மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. அங்கே அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

பச்சையும் பழுப்புமாகக் கட்டைவிரல் அளவில் ஒரு குருவி. அதே நிறத்தில் இன்னொரு இனமும் உண்டு. ஒன்று இரண்டே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும். மற்றது மேலிருந்து சறுக்கிக்கொண்டு வரும். அந்த மெல்லிய சத்தம் சர்வேயர் காதில் விழுந்து வெகுகாலம் ஆயிற்று.

வழக்கமாக மனைவி பக்கத்தில் நின்று முழங்கையால் இடிப்பாள். இரண்டு இடி என்றால் இரட்டைச் சுரம், ஓர் இடி என்றால் சறுக்கல். நேற்று அவள், "காதுக்கு மிஷின் வாங்கிக்கலாமே" என்று சொல்லப்போக, "நான் என்ன செவிடனா?" என்று குதித்துவிட்டு இன்று தனியாக வந்திருந்தார். தோற்றால் வீட்டில் தலைகாட்ட முடியாது.

"கால் கறுப்பா இருக்கு. இரட்டைச் சுரம்தான்."

"அது சேறு சார்."

"சரி, உசரமான மரத்துல உக்காந்திருக்கே, அப்ப..."

குருவி உடனே புதருக்குள் இறங்கியது. வேறு வழியில்லாமல் அவர் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆகா, என்ன குரல்!"

"அது இன்னும் வாயே திறக்கலையே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. சர்வேயர் ஒதுங்கிப்போய் மனைவிக்குப் போன் போட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கரை அமுக்கியதைக் கவனிக்கவில்லை.

"தப்பு என் மேலதான் தாயே. எனக்குக் குருவிச் சத்தம் கேக்கலை. போனைப் புதர்கிட்ட பிடிக்கிறேன், ஒண்ணா ரெண்டான்னு மட்டும் சொல்லு."

சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. இதைச் சொல்லவா இத்தனை வீம்பு என்று வெட்கமாகவும் இருந்தது. புதருக்குள் குருவியின் தொண்டை துடித்தது. போனில் பதிலே இல்லை.

"இன்னும் கோவமா?"

"கோவமில்லைங்க. எனக்கும்தான் கேக்காது. தனியா மிஷின் மாட்டிக்க வெக்கமா இருந்துச்சு, ஜோடியா வாங்கிக்கலாம்னுதான் பேச்சை எடுத்தேன்."

"அப்ப இத்தனை நாளா எதை வச்சு இடிச்சே?"

"நீங்க பைனாகுலர்ல குருவியைப் பாப்பீங்க. நான் டாக்டரம்மாவைப் பாப்பேன். அவங்க குருவிப் பாட்டுக்கு ஏத்த மாதிரி ஒரு தடவையோ ரெண்டு தடவையோ தலையாட்டுவாங்களே!"

பின்னாலேயே வந்து நின்ற டாக்டரம்மா கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயையோ, வருஷக்கணக்கா குனிஞ்சு பல்லு பிடுங்கி, என் கழுத்து தானா ஆடுதுங்க!"