ஐந்தாம் மாடியில் நின்ற ஜூலா

சந்தோஷம் வந்தால் என் மூளை லீவு எடுத்துக்கொள்ளும். பரீட்சையில் பெயிலானபோதுகூட நான் தெளிவாகத்தான் இருந்தேன். நல்ல செய்தி ஒன்று காதில் விழுந்தால் மட்டும் தலைகால் புரியாது.

அப்படி ஒரு நேரத்தில்தான் அந்தமான் போர்ட் பிளேயரில், மின்னி பே கடலோரத்து எட்டு மாடிக் கட்டடம் என் கைக்கு வந்தது. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, வெளிச்சுவர்ப் பூச்சு உப்பிப் போயிருந்தது. உள்ளே ஆட்கள் குடியிருக்கும்போதே நாலு பக்கமும் பழுது பார்க்க வேண்டும். ஜங்லிகாட்டில் கான்ட்ராக்டராக இருக்கும் அப்பா, "இதை நீ தனியாப் பாரு. முதல் பக்கத்துக்கு செக்ரட்டரி கையெழுத்து வாங்கிட்டு வா. நம்ம கம்பெனி போர்டுல உன் பேரையும் எழுதிடறேன்" என்றார். இன்ஜினியர் கலா. கண்ணை மூடினால் போர்டுதான் தெரிந்தது. (திறந்தாலும் அதுவே தெரிந்ததுதான் வினை.)

கடல் பக்கம் முடிந்ததும் குடியிருப்போர் சங்க செக்ரட்டரி நடராஜன் அங்கிள் பார்வையிட வந்தார். கப்பல் டிக்கெட் கவுன்ட்டரில் ரிட்டயர் ஆனவர். 'நாளைக்கு வாங்க' என்று சொல்வதில் முப்பது வருட அனுபவம். ஆனால் அன்று கீழேயிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு" என்று பேனாவையே திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கிட்டப் போய்ப் பாருங்க அங்கிள். ஜூலாவில நானே கூட்டிட்டுப் போறேன்."

ஜூலா என்பது மொட்டை மாடியிலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கும் நீளத் தொட்டில். இரண்டு முனையிலும் மோட்டார். நான் தனியாக ஓட்டும் அழகை அங்கிள் பார்க்க வேண்டுமே, அதனால் வேலையாட்களை மத்தியானம் வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். இருவரும் பெல்ட் மாட்டினோம். என் பக்க மோட்டாரில் ஒரு கம்பி வாகாக நீட்டிக்கொண்டிருந்தது. அதில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு பட்டனை அழுத்தினேன். கடல் விரிய விரிய மேலே போனோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐந்தாம் மாடியில் கரன்ட் போனது.

போர்ட் பிளேயரில் கரன்ட் போவது ஒரு செய்தியே இல்லை. நாங்கள் நின்ற இடம்தான் செய்தி. அது ஜெயா அக்காவின் சமையலறை ஜன்னல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மூன்று வருடமாக மனு கொடுத்து, 'நாளைக்கு வாங்க' கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவர்.

ஜன்னல் திறந்தது. "வாங்க அங்கிள். இன்னைக்கு வேற எங்கயும் போக வேண்டியதில்லையே?"

ஜன்னல் கம்பி வழியாக டீ வந்தது. தட்டு நுழையாததால் இட்லி ஒவ்வொன்றாக வந்தது. பிறகு மனுக்களின் நகல்கள் வந்தன. அங்கிள் பாவமாக என் பக்கம் திரும்பினார். "அரே கலா, கித்னா டைம்? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?"

மேஸ்திரிக்கு போன் செய்திருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தால் போர்டு போய்விடும். "இதோ வந்துரும் அங்கிள்" என்றேன். இரண்டு மணி நேரம் இதையே சொன்னேன்.

அக்காவிடமிருந்து தப்பிக்க அங்கிள் சுவர்ப் பக்கம் திரும்பி, வீட்டுச் சாவியால் தட்ட ஆரம்பித்தார். மூன்று இடத்தில் சத்தம் மாறியது. "உள்ள காலியா இருக்கே" என்று, கையெழுத்துக்காகத் திறந்த அதே பேனாவால் வட்டம் போட்டார். பூச்சு சுவரைப் பிடிக்காத இடங்கள் அவை.

மத்தியானம் மேஸ்திரி ராஜு வந்து, படியேறி, அக்கா சமையலறை வழியாக எட்டிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, என் பையைத்தான் பார்த்தார்.

"மேடம், பேக் ஹடாவோ."

பையை எடுத்தேன். அது தொங்கிய கம்பிதான், கரன்ட் போனால் ஜூலாவைக் கையால் இறக்கும் லீவர். அந்த லீவரைப் பற்றி அப்பாவுக்கே நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறேன்.

இரண்டு முனையிலும் லீவர் உண்டு, சேர்ந்து அமுக்க வேண்டும். அங்கிள் ஒன்று, நான் ஒன்று. ராஜு ஜன்னலிலிருந்து "ஏக், தோ" சொல்லச் சொல்ல, அங்குலம் அங்குலமாக இறங்கினோம். மாடிக்கு மாடி குடும்பத்தோடு ஜன்னலில் நின்று பார்த்தார்கள். என் மானம் கப்பலேறி மெயின்லேண்டே போய்விட்டது.

அன்று சாயங்காலமே ஜெயா அக்கா வீட்டில் தண்ணீர் வந்தது. நான் மூன்று வட்டத்தையும் உடைத்துப் பூசி, நாலாம் நாள் கையெழுத்து வாங்கினேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரன்ட் போனால் யாரும் மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "கலா, பையை எங்க மாட்டின?" என்றுதான் இருட்டிலிருந்து குரல் வரும்.

அப்பா சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வாரமே என் பெயரில் போர்டு எழுதி, ஜூலாவில் லீவருக்கு நேர் மேலே கட்டிவிட்டார்: 'இங்கே பை மாட்டக் கூடாது. உத்தரவு, இன்ஜினியர் கலா.'