லிப்டுக்கு எலுமிச்சம்பழம்

“இதுக்குச் சக்கரமே இல்லையே, எலுமிச்சம்பழத்த எங்க வைக்கிறது?” காளிதாஸ் லிப்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

நடக்க முடியாதவர்கள் ஏறுவதற்காக, தொலைதூர ரயிலின் ஒரு பெட்டிக்கு அரசாங்கம் லிப்ட் வைத்திருந்தது. வண்டி வந்து நின்றதும், யாரும் கேட்காமலே இரும்புத் தட்டு தானாக இறங்கியதைப் பார்த்து, மலேசியாவின் புலாவ் செபாங் ஸ்டேஷன் பிளாட்பாரமே அதைச் சுற்றிக் கூடிவிட்டது.

காளிதாஸின் அக்காள் புருஷன் நாகமுத்து, கழுத்தில் மாலையோடு சக்கர நாற்காலியில் இருந்தார். எஸ்டேட் லோரியிலிருந்து விழுந்த பிறகு அவர் பக்கத்து ஊரான ஆயர் குரோவைத் தாண்டியதில்லை. ஈப்போவில் மகள் ஷாந்தினிக்குக் கால் முறிந்து மாவுக்கட்டு. இன்று பார்த்தே ஆக வேண்டும்.

“நம்ம வரிக்காசு மச்சான், தைரியமா ஏறுங்க.”

“நீ எப்படா வரி கட்டின?”

பெட்டி வாசலில் ரயில் கார்டு செபாஸ்டியன் கையை உயர்த்தினார். “அண்ணே, இருங்க, மொதல்ல உள்ள...”

“உள்ள போகத்தானே தம்பி வந்திருக்கோம்.” காளிதாஸ் பழத்தைச் சங்கிலி இடுக்கில் செருகி, நாற்காலியைத் தள்ளி ஏற்றி, பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

லிப்ட் பாதி உயரம் போனது. சங்கிலி பழத்தைக் கடித்தது. நின்றது.

“கண்ணு பட்டுருச்சு லா,” என்று நாகமுத்துவின் மனைவி கருப்பாயி கற்பூரம் ஏற்றினாள். புகையைக் கண்ட செபாஸ்டியன் பதறிப்போய் கரண்டை நிறுத்தினார். இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்தரத்தில் நாகமுத்து மட்டும் அமைதியாக இருந்தார். இத்தனை வருடம் ஊரை இடுப்பு மட்டத்தில் பார்த்தவர், இன்று எல்லோர் தலைக்கும் மேலே. தகரக் கூரை, கூரைக்கு அப்பால் செம்பனைத் தோட்டம், அதற்கப்பால் மலை.

“காளிதாஸு, ஒனக்கு உச்சியில சொட்டைடா.”

“சொட்டை விழுந்து ஆறு வருஷமாச்சு மச்சான்.”

“இன்னிக்குத்தான் பாக்குறேன்.” அவர் இரும்புத் தட்டின் கம்பியைத் தடவினார். “நம்மள மாதிரி ஆளுக்கும் இப்படி ஒண்ணு செஞ்சிருக்கான் பாரேன்.”

மாலையும் கற்பூரமும் சேர்ந்துகொள்ள, இரண்டு பேர் கீழே நின்று கும்பிட்டார்கள். எதிர்த் தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்தது, நின்றது, போனது. ஒருவரும் திரும்பவில்லை.

செபாஸ்டியன் ஒருவழியாகப் பழத்தைப் பிடுங்கிக் கரண்டைக் கொடுத்தார். லிப்ட் வாசலைத் தொட்டது. உள்ளே கூட்டம் விலக, முதலில் ஒரு மாவுக்கட்டுக் கால் தெரிந்தது. பிறகு ஒரு சக்கர நாற்காலி. அதில் ஷாந்தினி.

“அப்பா, ஈப்போ வண்டி இப்பத்தான் அந்தப் பக்கம் போச்சு, இது நான் ஒங்களப் பாக்க வந்த வண்டி, கொஞ்சம் வழிய விட்டீங்கன்னா எறங்கிருவேன்.”