ஏட்டையா தலையில் முளைத்த முடி

வெளிச்சம் என்றால் எனக்குப் பைத்தியம். ஓட்டு இடுக்கில் ஒரு கீற்று இறங்கினால்கூட நின்று பார்ப்பேன். பார்த்துவிட்டு நாலு வரி எழுதுவேன். எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். (அக்கா மட்டும் "நல்லாருக்குலே" என்பாள், படிக்காமலே.) அப்படிப்பட்ட நான், ஒரு மனிதரின் தலையில் விழுந்த வெளிச்சத்தை அழிக்கப் போய், அக்கா மகள் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

மகாவுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அப்பா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் ஏட்டையாதான். நிச்சயதார்த்தத்தன்று காபி ஆறிப்போயிருந்தது என்று எழுந்து வேன் வரை நடந்துவிட்டார். கெஞ்சிக் கூட்டி வந்தோம். அதிலிருந்து அவர் பேரைக் கேட்டாலே அக்கா காபியை மறுபடி சூடுபண்ண ஓடுவாள்.

சாரல் நேரம். இரண்டு வீட்டாரும் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் உச்சந்தலையில் எண்ணெயை அரக்கித் தேய்த்துவிட்டு, ஊறட்டும் என்று காத்திருந்தார்கள்.

"குளிச்சா எல்லாரும் நனைஞ்ச கோழி மாதிரி ஆயிருவோம். இப்பமே ஒரு போட்டோ எடுலே," என்றாள் அக்கா.

வரிசையாக நிறுத்தினேன். பின்னால் அருவி. ஏட்டையாவின் தோளுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவரில் ஒரு குரங்கு. 'இயற்கையும் உறவும்' என்று மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன். மேகமூட்டமாக இருக்கிறதே என்று போனில் வெளிச்சத்தைக் கூட்டினேன். அழுத்துகிற நொடியில், பத்து நாளாக முகம் காட்டாத சூரியன் மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து, ஏட்டையாவின் எண்ணெய் வழுக்கையில் இறங்கிக் குளித்தது.

படத்தில் எல்லாரும் கண்ணைத் திறந்திருந்தார்கள். உலக அதிசயம்! ஏட்டையாவுக்கு மட்டும் பாதித் தலை இல்லை; அந்த இடத்தில் ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

ஏட்டையா போனை வாங்கிப் பார்த்தார். "கல்யாண ஃபிளெக்ஸுல இதையே போடும்வே. ஆனா தலையில இந்தப் பளபளப்பு இருக்கப்பிடாது. டிபார்ட்மெண்ட் ஆளுக வருவாங்க."

"அதெல்லாம் சரிபண்ணிருதேன் அண்ணாச்சி," என்றேன். (எப்படி என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.)

முதலில் மொத்தப் படத்தின் வெளிச்சத்தையும் குறைத்தேன். அருவி அழகாக வந்தது. மகாவின் முகம் அடுப்புக்கரி ஆனது. வெளுத்த இடத்தை மட்டும் இருட்டாக்கினேன். வழுக்கை, சாம்பல் பூசிய தேங்காய் ஆனது. அப்புறம்தான் புரிந்தது: வெளிச்சம் தின்றுவிட்ட இடத்தில் படத்துக்குள் ஒன்றுமே மிச்சமிருக்காது. வேறெங்கிருந்தாவது எடுத்து வந்துதான் ஒட்டவேண்டும். (இதில் ஏதோ தத்துவம் இருப்பதாக நினைத்து அரைமணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

போனில் அதற்கு ஒரு வசதி உண்டு. பக்கத்தில் ஓரிடத்தைத் தொட்டுவிட்டு, வெளுத்த இடத்தில் தேய்த்தால், அங்கே இருப்பது இங்கே வந்து ஒட்டும். திரையில் ஏட்டையாவின் தலை உளுந்து அளவு. என் விரல் வாழைக்காய் அளவு. பக்கத்தில் மாநிறமாகத் தெரிந்த எதையோ தொட்டேன், தேய்த்தேன். பளபளப்பு போயே போச்சு! இதமான ஒரு பழுப்பு. படத்தை ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பழுப்பைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினேன்.

முகூர்த்தத்தன்று காலை, தென்காசி மண்டப வாசலில் ஃபிளெக்ஸைப் பத்தடி உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். உளுந்து பூசணிக்காய் ஆகியிருந்தது. ஏட்டையாவின் தலையில் அடர்த்தியாக, பழுப்பாக, சிலிர்த்துக்கொண்டு முடி. தோளுக்குப் பின்னால், அதே முடியோடு குரங்கு. வகிடுகூட ஒன்றேதான்.

அக்கா என் கையைக் கிள்ளினாள். "ஏலே பாவி, என்னலே பண்ணி வச்சிருக்க?"

"வெளிச்சத்தைக் குறைச்சேங்க்கா."

"எம் மவ வாழ்க்கையையே இருட்டாக்கிட்டியேலே! அவுத்துப் போடுலே, அவரு வருதாரு!"

வேன் வந்து நின்றுவிட்டது. ஏட்டையா இறங்கினார். தன் படத்தைப் பார்த்தார். குரங்கைப் பார்த்தார். தலையைத் தடவிக்கொண்டார். மறுபடியும் குரங்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக வேன் பக்கம் திரும்பினார். அக்கா பன்னீர்ச் செம்போடு வேனுக்குக் குறுக்கே ஓடினாள்.

அப்போதுதான் அவர் மனைவி சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய.

"முப்பது வருசமா இந்தத் தலையைப் பாக்கேன். இன்னைக்குத்தான் லெச்சணமா இருக்கீய!"

"சிரிக்காதட்டி," என்றார் ஏட்டையா. மீசை துடித்தது. கோபம் என்று நான் இரண்டடி பின்வாங்கினேன். என் தோளில் இடிபோல ஒரு கை விழுந்தது. "என்னவே, அந்தக் குரங்குப் பயகிட்ட கேட்டுத்தான் எடுத்தீரா? இல்ல களவாண்டீரா?"

சொல்லிவிட்டு அவரே வெடித்துச் சிரித்தார். தாலி நல்லபடியாக ஏறியது. டிபார்ட்மெண்ட் ஆட்கள் மணமக்களை விட்டுவிட்டு ஃபிளெக்ஸோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன வருஷம் மகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலை நிறைய முடி, பழுப்பாக, சிலிர்த்துக்கொண்டு. "யாரு ஜாடை இது?" என்று கேட்டாள் அக்கா. ஏட்டையா பேத்தியைக் கையில் வாங்கி, அந்தத் தலையைத் தடவி, "என் முடிலா!" என்றார்.

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.