மூன்று பக்கத்துக்காக இத்தாலியன் படித்தவர்

ஒரு கெட்ட கதையின் முடிவைத் தெரிந்துகொள்வதற்காக அந்நிய பாஷை படித்த ஆள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே எங்கள் இத்தாலி சார் ஒருவர்தான். பக்கத்து மாவட்டங்களைச் சேர்த்துக்கொண்டாலும் இதே முடிவுதான் வரும்.

ஆர்.எஸ்.மங்கலத்தில், கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிற அலுவலகத்தில் அவர் வரைவாளர். அவருக்கு எதிர் மேசையில் நான் தட்டச்சர். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவருக்கு ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. பல நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலியக் கதைகள். வியாபாரிகள், சாமியார்கள், கெட்டிக்காரப் பெண்கள் என்று ஒரே கலாட்டா. அதில் ஒரு கதையில், கப்பல் வியாபாரி ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊர் திரும்பி வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே மனைவியோடு வேறொருத்தன். சார் நாற்காலி நுனிக்கு வந்து பக்கத்தைத் திருப்பினார். அடுத்த மூன்று பக்கமும் இத்தாலியனில் இருந்தது. மிச்சத்தை மொழிபெயர்க்கத் தன் மனம் இடங்கொடுக்கவில்லை என்று மொழிபெயர்த்த துரை அடிக்குறிப்பு போட்டிருந்தார்.

சாருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதே கதைகளின் புது மொழிபெயர்ப்பை வரவழைத்தார். அதில் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆனால் அந்த மூன்று பக்கம் ஒரே பத்தியாகச் சுருங்கியிருந்தது. மனைவி கோபமாகப் பேசினாள், கணவன் வாயடைத்துப் போனான், அவ்வளவுதான்.

"ஒருத்தரு பூட்டி வச்சுட்டாரு. இன்னொருத்தரு தொறந்து காட்டுறேன்னு சொல்லி உள்ள இருந்த சாமானை எடுத்துட்டாரு. நம்மளே போய்ப் பாத்தாத்தான் ஆகும்" என்றார் என்னிடம். என்ன கதை என்று கேட்டேன். அது உங்களுக்கு வேண்டாம்மா என்றுவிட்டார்.

கைப்பேசி வழியாக இத்தாலியன் படிப்பு தொடங்கியது. உப்பூரிலிருந்து அவர் ஏறும் பஸ்ஸில், "என் மாமாவின் குதிரை வெள்ளை நிறம்" என்கிற மாதிரி வாக்கியங்களை உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார். பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருக்கும். மடை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டு வந்த விவசாயி ஒருவரிடம், படிப்பு மும்முரத்தில் "தொமானி" என்று சொல்லிவிட்டார். இத்தாலியனில் நாளைக்கு என்று அர்த்தம். மறுநாள் தண்ணீர் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. அரசாங்க அலுவலகத்தில் இழுத்தடிக்கிற எந்த வேலைக்கும் சுற்று வட்டாரத்தில் தொமானி என்று பெயர் வந்தது. 'சாதிச் சான்றிதழ் என்னாச்சு?' 'தொமானில கெடக்கு.' இப்போதும் சொல்கிறார்கள்.

எல்லாம் படித்து முடித்து அந்த மூன்று பக்கத்தை விரித்தால், பாதிக்கு மேல் பிடிபடவில்லை. கைப்பேசி சொல்லிக்கொடுத்தது இந்தக் காலத்து இத்தாலியன். கதையில் இருந்தது வியாபாரி காலத்து இத்தாலியன். சார் துவண்டுபோனார்.

அப்போதுதான் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க மண்டபம் அகதி முகாமிலிருந்து சிவநேசன் வந்தார். இலங்கைக்காரர். அவருடைய அக்கா வசந்தி இத்தாலியில், ஒரு வயசான அம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. சிவநேசன் சாதாரணமாகத்தான் சொன்னார். சார் அவர் ஏறி நின்ற ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புவதில் சிரமமில்லை. ஒரு பெண்பிள்ளையிடம் எப்படி விஷயத்தைச் சொல்வது? பக்திக் கதை என்று சொல்லி அனுப்பினார்.

பதில் வந்த நேரம் பெரிய பொறியாளர் ஆய்வுக்கு வந்திருந்தார். சார் இரண்டு கையாலும் கண்மாய் வரைபடத்தை விரித்துப் பிடித்திருந்தார். மேசைமேல் கைப்பேசி அலற, சிவநேசன் பெயிண்ட் விரலால் அமுக்கினார். ஸ்பீக்கரில் விழுந்தது.

"ஐயா, வசந்தி கதைக்கிறன். இது பக்திக் கதை இல்லை ஐயா. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். சிரிச்சுச் சிரிச்சு மனுசிக்குக் கண்ணெல்லாம் தண்ணி."

சார் வரைபடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். வசந்தி நிறுத்தவில்லை. கெட்ட வார்த்தை என்று பார்த்தால் இரண்டுதானாம். மற்றதெல்லாம் பிடிபட்ட அந்த மனைவி கணவனைப் பார்த்துக் கேட்கும் கேள்விகளாம். வருஷம் முழுக்கக் கப்பலில் கிடந்துவிட்டு, வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு இன்றைக்குத்தான் வந்ததா என்று ஆரம்பித்து, அவன் பதில் சொல்ல முடியாதபடி கேட்டுக்கொண்டே போகிறாளாம்.

பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார், கைப்பேசியைப் பார்த்து.

அன்றைக்கு ஆய்வு அத்தோடு முடிந்தது. பொறியாளர் கிளம்பிப் போனதும் சார் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். பிறகு, "கெட்ட வார்த்தைக்குப் பயந்து விடலைம்மா அந்தத் துரை. கேள்விக்குப் பயந்து விட்டுருக்காரு" என்றார்.

கதையைத் தமிழில் எழுதினார். வசந்தியின் உதவியோடு மாதக்கணக்கில் வேலை நடந்தது. ஒரு மத்தியானம் தயங்கித் தயங்கி அந்த மூன்று பக்கத்தை என் மேசையில் வைத்தார். பொம்பளை வாயில் வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்க வேண்டுமாம். படித்தேன். 'நாதா, தாங்கள் திரைகடல் மேவுங்கால்' என்று ஆரம்பித்தது.

"சார், மாட்டிக்கிட்டு நிக்கிறவ நாதான்னா கூப்பிடுவா?"

"பெறகு எப்படிக் கேப்பா?"

என் வீட்டுக்காரர் அப்போது சவுதியில் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து, அவர் ஊரில் இருந்த மாதங்களைவிட இல்லாத வருஷங்கள் அதிகம். நான் யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

"சரக்கை எறக்குனா ஒரு மூடை கொறையாமப் பாக்குறீக. என்னைய எங்க எறக்கி வச்சுட்டுப் போனீக? அதையாச்சும் ஒருநாப் பாத்தீகளா?"

சார் அதை எழுதிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே போய் இரண்டு டீ சொல்லிவிட்டு, டீ வந்து ஆறுகிற வரைக்கும் வராந்தாவிலேயே நின்றார்.

சென்னையில் ஒரு பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தார். கதை பிரமாதம், அந்த மூன்று பக்கத்தில் மட்டும் அங்கங்கே புள்ளி வைத்துவிடலாம் என்றார். அந்தத் துரையாவது இத்தாலியனில் விட்டுவைத்தார், நீங்கள் புள்ளி வைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, சார் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்.

கடைசியில் பரமக்குடியில், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் புத்தகம் தயாரானது. அவர்கள் வழக்கப்படி முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்கள். கள்ளக்காதல் கதைக்குப் பிள்ளையார் சுழியா என்று நாங்கள் சிரித்தோம். இருந்துவிட்டுப் போகட்டும், பாதியில் நிற்காது என்றார் சார்.

வசந்திக்கு ஒரு பிரதி போனது. அந்த இத்தாலிய அம்மாவுக்கு, தமிழ் தெரியாவிட்டாலும், ஒன்று போனது. சவுதிக்கு நான் ஒன்று அனுப்பினேன், அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்து. அடுத்த விடுமுறைக்கு வந்த வீட்டுக்காரர் திரும்பிப் போகவில்லை. இப்போது தேவிபட்டினத்தில் பைக் பட்டறை வைத்திருக்கிறார்.

சார் ஓய்வு பெற்று உப்பூரில் இருக்கிறார். அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார். பொம்பளை பேசுகிற இடம் வந்தால் எனக்குத்தான் போன் வரும், அதுவும் சரியாகச் சமையல் நேரத்தில். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுப்பேன்.