கொலுப்படியில் அந்நியச் செலாவணி

எம்.ஏ. பொருளாதாரம் படித்தவர்களை வீட்டு நிர்வாகத்தில் சேர்க்கவே கூடாது. நானும் படித்தவள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மயிலாப்பூர் வந்த முதல் நவராத்திரி. பக்கத்து வீட்டுக் கொலுக்களில் ராக்கெட்டும் மெட்ரோ ரயிலும் இருக்க, நான் தேசத்தின் நிதிநிலையையே படியேற்றினேன். செட்டியார் பொம்மை அரிசி பருப்பை விட்டுவிட்டு, அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த பத்திரங்களோடு உட்கார்ந்திருந்தார். மேல்படியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. அதாவது, மாடி வீட்டு மாமாவிடம் இரவல் வாங்கிய ஐந்து நூறு டாலர் நோட்டுகள். மகளைப் பார்க்க மறுநாள் சாயங்காலம் அமெரிக்கா கிளம்பும் மனிதர். குங்குமம் பட்டுவிடுமே என்று ஒவ்வொரு நோட்டையும் ஒரு மொய்க் கவரில் போட்டு வைத்தேன் (முன்யோசனையாம்).

மாட வீதியில் பூ வாங்கித் திரும்புவதற்குள் ஐந்து மாமிகள் வந்து, பாடி, போயும் விட்டார்கள். மேல்படி காலி.

"தாம்பூலத்தோட வெச்சுக் குடுத்துட்டேன். பத்து ரூபா கவரெல்லாம் ரெடின்னு நீதானே சொன்னே?" என்றார் மாமியார்.

பத்து ரூபாய்க் கவர்கள் ஃபிரிட்ஜ் மேல் இருந்தன. கையில் டாலர் இல்லாத நாடு பெட்ரோல்கூட வாங்க முடியாது என்று முந்தின நாள்தான் அவருக்கு வகுப்பெடுத்திருந்தேன். தாம்பூலத்தைத் திருப்பிக் கேட்பது குடும்பத்துக்கே ஆகாது என்று இப்போது அவர் எனக்கு எடுத்தார். கேட்கத்தான் போனேன். மந்தைவெளி, லஸ், அடையாறு என்று ஆட்டோவில் அலைந்ததில் நான்கு கவர்கள் வந்தன. ஒரு மாமி சுண்டலையும் சேர்த்து நீட்டினார். வெட்கமாக இருந்தது.

ஐந்தாவது, நங்கநல்லூர் மாமி.

"நான் கவரைப் பிரிக்கறதே இல்லைம்மா. அப்படியே ஆஞ்சநேயர் உண்டியல்ல போட்டுடுவேன். போட்டாச்சு."

வீட்டுக்கு வந்து அழுதேன். மாமியார் திட்டவில்லை. பீரோவைத் திறந்து, புடவை மடிப்பிலிருந்து ரூபாயை எடுத்தார். கொடுப்பதற்கு முன் நிபந்தனைகள்: அடுத்த வருஷம் தசாவதாரம்தான், செட்டியாருக்கு அரிசி திரும்ப வர வேண்டும், வகுப்பு கிடையாது. கடன் வாங்கும் தேசங்களின் கஷ்டம் எனக்கு அன்றுதான் புரிந்தது. மறுநாள் காலை பாண்டி பஜாரில் டாலர் மாற்றி, மாமா பெட்டியைப் பூட்டுவதற்குள் ஐந்தையும் கொடுத்துவிட்டேன்.

இன்றும் எங்கள் வீட்டில் தாம்பூலம் வாங்குகிற மாமிகள், கவரை அங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். முதலில் பிரிப்பது நங்கநல்லூர் மாமி.