பப்பாளி வந்த வழி

“அம்மா, உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சிச்சு?”

கோலாலம்பூரிலிருந்து மகன் யுகேந்திரன் போனில் கேட்டதும், பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி ஜார்ஜ் டவுனில் இருந்த ஜெகதீஸ்வரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“எது?”

“மலச்சிக்கல். நேத்து கம்ப்யூட்டர்ல தேடுனேன். யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு நீங்க பப்பாளி சாப்பிடுன்னு மெசேஜ் போடுறீங்க.”

“பாசார்ல பப்பாளி மலிவா இருந்திச்சு. உன் ஞாபகம் வந்திச்சு.”

பப்பாளியைப் பார்த்து எந்தத் தாய்க்கும் மகன் ஞாபகம் வராது. அது அவளுக்கே தெரியும்.

வேலை கிடைத்துக் கிளம்பியபோது அவன் பழைய லேப்டாப்பை வீட்டில் விட்டுப் போனான். அதன் பிரவுசரில் தன் கணக்கை மூட மறந்துவிட்டான். அங்கே அவன் எதைத் தேடினாலும் இங்கே வரிசையாக வந்து நிற்கும். போனில் அவன் பேசுவது, “சாப்பிட்டேன். பிஸி. வைக்கிறேன்” என்பதோடு சரி. மீதி மகன் லேப்டாப்பில்தான் இருந்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் தேநீரோடு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தப்புதான். விட மனம் வரவில்லை.

“யாரோ வேவு பாக்குறாங்கம்மா. இந்தப் பிரவுசரை நம்ப முடியாது. மாத்தப் போறேன்.”

“வேணாம்பா! இது நல்ல பிரவுசர்!”

“உங்களுக்கு யாரு சொன்னா?”

“கோயில்ல பேசிக்கிட்டாங்க.”

“கோயில்லயா?” என்று கேட்டுவிட்டு அவன் போனை வைத்தான்.

இனி என்ன வந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தாள். செவ்வாய்க்கிழமை, ‘முடி ஏன் கொட்டுகிறது’ என்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். புதன்கிழமை, ‘இருமல் நிற்க என்ன வழி’. இன்னும் கடித்தாள். வியாழக்கிழமை, ‘தனியாகச் சாப்பிட்டால் ஏன் பசிப்பதில்லை’.

அதற்குமேல் தாங்கவில்லை. கறிவேப்பிலை எண்ணெய், இருமல் மருந்து, ரசப்பொடி மூன்றும் அன்றைக்கே பார்சலில் போயின.

“முடி, இருமல், சாப்பாடு. வரிசைகூட மாறலையேம்மா!”

“தாய் மனசுப்பா.”

“தாய் மனசுக்கு வரிசையெல்லாமா தெரியும்?”

பதறிப்போனவள், தடயம் இருக்கக் கூடாது என்று லேப்டாப்பில் இருந்த பட்டியல் முழுவதையும் அழித்தாள். அது அங்கேயும் அழிந்தது.

“அம்மா! இப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டான் லா! நாளைக்கே மாத்துறேன்!”

அவன் குரலில் கோபம் அவ்வளவாக இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டிருந்தவளுக்கு அது காதில் ஏறவில்லை.

இரண்டு நாள் திரை வெறுமையாகக் கிடந்தது. மகன் இப்போதுதான் வீட்டைவிட்டுப் போனதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது: ‘அம்மா சுடுவதுபோல் முறுக்கு சுடுவது எப்படி’. உடனே அடுப்பைப் பற்றவைத்தாள்.

யுகேந்திரனோடு ஒரே வீட்டில் தங்கி வேலை பார்க்கும் ஹைக்கலுக்கு, ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில்தான் பெற்றோர் வீடு. விடுமுறைக்கு வந்திருந்தவன், திரும்பும் வழியில் முறுக்கு டின்னை வாங்கிக்கொள்ள வந்தான். அவனிடம் டின்னை நீட்டிய கையோடு ஜெகதீஸ்வரி உண்மையைச் சொல்லிவிட்டாள்.

“தம்பி, வேவு பாத்தது நான்தான்னு அவன்கிட்ட சொல்லிடுப்பா. என்னைத் திட்டட்டும். ஆனா என்கிட்ட பேசாம மட்டும் இருக்க வேணாம்னு சொல்லு.”

ஹைக்கல் டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான்.

“அவன் பப்பாளி அன்னைக்கே பிரவுசர மாத்திட்டான், ஆன்ட்டி. போன்ல சொல்ல வெக்கமா இருக்கிறத உங்களுக்காகத்தான் பழசுல தட்டிக்கிட்டு இருக்கான். முறுக்கு மட்டும் நான் தட்டுனது.”