கவினி விட்டுவிட்டு வாசித்த வரிகள்

இளையவர்களுக்கு எளிமையாக எழுதுவது என்றால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்துக்கொண்டு எழுதுவது என நான் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். (ஒரு காலம் என்ன, போன வருடம் வரைக்கும்.)

அக்காவின் மகள் கவினிக்குப் பதினான்கு வயது. படிப்பெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்ப் புத்தகத்தைக் கண்டாலே எழுந்து போய்விடுவாள். எப்படியாவது இவளைத் தமிழ் வாசிக்க வைப்பது என்று வீம்புக்கு ஒரு நாவல் எழுதினேன். சின்னச் சின்ன வசனங்கள், அதுவரை சரி. ஆனால் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் அதை விளக்க இன்னொன்றைக் காவலுக்கு நிறுத்தியிருந்தேன். இப்படியே நூற்றிருபது பக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் வெளியீட்டு விழா. ஆய்வுரை என்ற பெயரில் ஒருவர் தன் சொந்த வரலாற்றை முக்கால் மணித்தியாலம் சொல்லி முடித்த பிறகு, என் வற்புறுத்தலில் கவினி முதல் அத்தியாயத்தை வாசிக்க வந்தாள். மீரா என்ற பெண் தகப்பனோடு சண்டை பிடித்துவிட்டு, கடலோரத் தண்டவாளத்தில் தனியே நடக்கும் இடம். கைத்தொலைபேசியில் மூழ்கியிருந்த கவினியின் சிநேகிதிகள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நானா இதை எழுதினேன் என்று எனக்கே ஆச்சரியம். அப்போதுதான் பிடிபட்டது: ஒரு வரியை வாசிக்கிறாள், அடுத்ததை விட்டுவிடுகிறாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். (இருந்தால் நான் நானா?) எழுந்துபோய் ஒலிவாங்கியை இழுத்து, "பிள்ளை, வரி விட்டு விட்டு வாசிக்கிறாய். எல்லாத்தையும் வாசி," என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். "மீரா கதவை அடித்துச் சாத்தினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது." பின்வரிசையில் ஒரு சிரிப்பு. "அவளுடைய கண்கள் கலங்கின. அவள் கவலையாக இருந்தாள்." இப்போது முன்வரிசையும் சிரித்தது. "வானம் இருண்டது," என்று அவள் நிறுத்த, சிநேகிதிகள் ஒரே குரலில், "மழை வரப் போகிறது," என்று முடித்துவைத்தார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. போர்த்தியிருந்த பொன்னாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கீழே இறங்கியதும் ஏன் இப்படிச் செய்தாய் என்று எரிந்து விழுந்தேன்.

"கதை நல்லாத்தான் இருக்கு மாமா. நீங்கள்தான் இடையில இடையில வந்து நிக்கிறீங்கள்."

அவளுடைய பிரதியைப் பிடுங்கிப் பார்த்தேன். நூற்றிருபது பக்கத்திலும் பென்சில் கோடு. அப்படியென்றால் கடைசிவரை வாசித்திருக்கிறாள். நான் ஆசைப்பட்டது நடந்தேவிட்டது. சந்தோஷப்படத்தான் எனக்கு முகம் இல்லை.

இரண்டாம் பதிப்பு எழுபது பக்கம். அக்கா வீட்டில் இன்றைக்கும் நான் "பசிக்குது" என்றால், எல்லோரும் சேர்ந்து, "அவருக்குச் சாப்பாடு வேணும்," என்று முடிக்கிறார்கள். இந்தக் கட்டுரையின் கடைசியிலும் ஒரு நீதி எழுதி வைத்திருந்தேன். கவினி பென்சிலோடு வந்தாள்.